தள்ளுதல் கூடாது

இதைப் படிக்க நேரும் பெரியோர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். நெம்புகோலின் தத்துவத்தை மாணவருக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். தலைமையாசிரியர் அவர்களுக்கு விடுப்பு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். திருச்சுழி சைக்கிள் பந்தயக் குழுவின் செயலாளன் என்ற முறையில் நான்கு ஆண்டுகள் விதிமுறைகள் எழுதியிருக்கிறேன். என் எழுத்துப் பணி அவ்வளவே. அந்த விதிமுறைகளுள் ஒரு சொல் செய்த காரியத்தை யாரேனும் சொல்லியாக வேண்டும். அச்சொல்லை எழுதியவன் நானாக இருப்பதால், சொல்லும் கடமையும் என்னைச் சேர்ந்ததென்று துணிந்தேன். பிழைகள் இருப்பின் அவை என்னுடையவை.

எங்கள் பந்தயம் 1966ஆம் ஆண்டு தொடங்கியது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, கடைவீதி முனையில் விசில் ஊதப்படும். போட்டியாளர்கள் அருப்புக்கோட்டைச் சாலையில் ஆறாவது மைல் வரை சென்று, அங்கே சாலை நடுவில் வைத்திருக்கும் தார் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய எவரும் கலந்துகொள்ளலாம். மேல் வரம்பு கிடையாது. வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் சண்முகவேல் குழுவின் தலைவர். விசில் ஊதுவதும் தீர்ப்புச் சொல்வதும் அவர் பொறுப்பு. என் பொறுப்பு ஆறாவது மைலில். பாதி வழியிலேயே திரும்பிவிடும் சாமர்த்தியசாலிகள் இருக்கக்கூடும் என்று கருதி, பீப்பாய்க்கு அருகே ஒரு மேசையைப் போட்டு, ரப்பர் ஸ்டாம்புக்கு வைக்கும் மைப் பெட்டியோடு நான் உட்கார்ந்திருப்பேன். வருபவர் நின்று, வலக் கட்டைவிரலில் மை இட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். இது நான் எழுதிய ஏழாவது விதி.

மூன்று பந்தயங்கள் நடந்து முடிந்தபின், ஓர் ஓய்வு நாளில் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இந்த விந்தை என் கண்ணில் பட்டது. முதல் ஆண்டு, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆறாவது மைலில் என்னிடம் மை வாங்கியவர்களில் அந்த வயதினர் ஒருவரும் இல்லை. இரண்டாம் ஆண்டு எட்டுப் பேர். மை வாங்கியவர் யாருமில்லை. மூன்றாம் ஆண்டு ஐந்து பேர், அப்போதும் அப்படியே. பெயர் கொடுத்த இருபத்திரண்டு பேரும், ஆறு மைல் நேரான சாலையில், இருபுறமும் கரிசல் காடு தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், எங்கே போனார்கள்?

சண்முகவேலிடம் பணிவாக விசாரித்தேன்.

"பெருசுகளா? அதெல்லாம் விசிலு ஊதுனதுமே போயிரும் சார்" என்றார் அவர், ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடி.

விசிலைக் கேட்டதும் மனம் தளர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று நான் பொருள் கொண்டேன். மேற்கொண்டு கேட்கக் கூச்சம். மனம் தளர்வதற்கு உடலியல் காரணம் ஏதேனும் இருக்கும் என்று கருதினேன். இதயமா, நுரையீரலா, முழங்காலா என்று அறிய விரும்பி, தலைமையாசிரியரின் எழுத்து மூலமான அனுமதியுடன் ஆய்வகத்தின் நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அருஞ்சுனை அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போனேன்.

மூன்று ஆண்டும் பெயர் கொடுத்தவர் அவர் ஒருவரே. வயது ஐம்பத்திரண்டு. குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. செவ்வாயும் வெள்ளியும் அருப்புக்கோட்டைக்குச் சைக்கிளில் போய், கடைக்கு வேண்டிய சாமான்களைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வருபவர்.

"அண்ணாச்சி, தங்கள் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க அனுமதிப்பீர்களா?"

"எதுக்கு சார்? எனக்கென்ன காச்சலா?"

புளி வாங்க வந்திருந்த பெத்தம்மாள் என்ற பெண்மணி குறுக்கிட்டார். "வாத்தியாரு இப்ப வைத்தியமும் பாக்குறாகளா? எனக்கும் பாருங்க சார், ரெண்டு நாளா கண்ணு எரியுது."

அண்ணாச்சியின் நாடி நிமிடத்துக்கு அறுபத்தாறு. ஒப்பீட்டுக்காக என்னுடையதையும் எண்ணினேன், எண்பத்து நான்கு. எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

கடைக்குள்ளிருந்து அவருடைய மனைவி சுந்தராம்பாள் வெளியே வந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதைப் பாதி கேட்டதுமே, என்னைத் தம் பக்கத்து வக்கீலாக நியமித்துவிட்டார்.

"நல்லாச் சொல்லுங்க சார். போன புரட்டாசியில, வெயிலு தாங்காம ரோட்டுல எறங்கி வேப்பமரத்தடியில மயங்கிக் கெடந்தாக. வண்டியில போட்டுக் கொண்டாந்து விட்டாக. சைக்கிளக் குடுத்துருங்க, லோடு பஸ்ஸு மேல வரட்டும்னு அன்னையிலருந்து சொல்றேன். கேக்க மாட்டேங்காக."

"அன்னைக்குக் காலையில சாப்புடல சார்" என்றார் அண்ணாச்சி.

"ஏன் சாப்புடல? நானா வேண்டாம்னேன்?" அம்மையார் என் பக்கம் திரும்பினார். "சார், ஒரே பேச்சு. உங்க பந்தயத்துல பன்னண்டு மைலு எறங்காமப் போயி எறங்காம வரட்டும். ஊரே பாக்கட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கல. நடுவுல ஒருதடவ எறங்குனாலும் சரி, அன்னைக்கே சைக்கிளு வீரசோழன் ஊரு யாவாரிகிட்டப் போயிரும். அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். "பந்தயத்துல என்னைய எங்க சார் விடுறாக?" என்று மெதுவாகச் சொன்னார். அதை அடக்கம் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன்.

சைக்கிள் போய்விட்டால் அவர் நாள் முழுவதும் கடையில் உட்கார வேண்டும். அவரைப் பார்த்தால் உட்காரக்கூடியவராகத் தோன்றவில்லை. பேசிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்திலேயே ஆறுமுறை எழுந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. ஆய்வக உதவியாளர் மொக்கையனை மூன்றாவது மைல் கல்லருகே சிவப்புத் துண்டோடு நிறுத்தினேன். நான் அரை மைல் தள்ளி நின்றேன். அண்ணாச்சி கல்லைத் தாண்டும்போது மொக்கையன் துண்டை வீச வேண்டும். நான் கடிகாரத்தை அமுக்குவேன். பத்துக் காலி டின்கள் கேரியரில் கடகடக்க, அண்ணாச்சி அந்த அரை மைலை இரண்டு நிமிடம் இருபது வினாடியில் கடந்தார். தொடர்ந்து மூன்று ஆண்டு முதற்பரிசு பெற்ற இருபத்திரண்டு வயது சுப்புராஜின் சராசரி, அரை மைலுக்கு இரண்டு நிமிடம் பதினைந்து வினாடி. அவன் சைக்கிளில் டின்கள் இல்லை.

இதயம் சரி, நுரையீரல் சரி, முழங்காலும் சரி. இளைஞர்களுக்கு நடுவே நிற்பதுதான் கூச்சம் போலும் என்று முடிவு செய்து, மூத்தவர்களுக்குத் தனிப் பந்தயம் நடத்தலாம் என்று எண்ணினேன். 'முதியோர் சைக்கிள் ஓட்டம்: விரும்புவோர் செயலாளரை அணுகவும்' என்று அழகிய கையெழுத்தில் எட்டுத் தாள்கள் எழுதி, கடைவீதியிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் என் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவரிடமும் சைக்கிள் இல்லை. எல்லோர் கையிலும் மனு இருந்தது. முன்னால் நின்ற சந்தனம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது.

"ஐயா, இனிமே சைக்கிளு ஓட்டத் தெரிஞ்சாத்தான் முதியோர் பணம் குடுப்பாகளாமே? நான் எங்க போயி சைக்கிளு படிக்க?"

அரசு உதவித்தொகைக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்று விளக்கி முடிக்கப் பத்து மணி ஆயிற்று. 'முதியோர்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் எதற்கு வழங்குகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. சந்தனம்மாள் அதன்பிறகும் நம்பிக்கை இழக்காமல், "பின்னால உக்காந்து போனா ஒத்துக்கிருவாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

தாள்களைக் கிழிக்கக் கடைவீதிக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணாச்சி அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் சைக்கிளில் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். இடக்காலை இடப்பக்கப் பெடலில் வைத்து, வலக்காலால் தரையை உதைத்து, கெந்திக் கெந்திச் சைக்கிளை முன்னே செலுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொரு முறை கெந்தினார். வேகம் கூடியதும் வலக்காலைப் பின்புறமாக வீசி, சீட்டின்மேல் ஒரு கொக்கு அமர்வதுபோல அமர்ந்தார். என் கை தானாகவே கடிகாரத்தை அமுக்கியிருந்தது. ஆறு வினாடி, சுமார் இருபது கெஜம்.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டேன். அவர் இறங்காமல் சாலையிலேயே ஒரு வட்டமடித்து என்னருகே வந்தார். நான் பேசப் பேச, என்னைச் சுற்றி மெல்ல வட்டமடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தாங்கள் ஏன் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அப்படியே மிதித்துப் புறப்படுவதில்லை?"

"காலு எட்டணும்ல சார்? இது இருவத்து நாலு இஞ்ச் பிரேமு. லோடு தாங்கும்னு எங்க வயசுக்காரங்க எல்லாம் அப்ப இதத்தான் வாங்குனோம். பொடியனுக சம்முகவேலு கடையில சின்னச் சைக்கிளா எடுத்து, சீட்டையும் எறக்கி வச்சுக்கிருவானுக. நாங்க காலு ஊனுனா பாரு கம்பி இடிக்கும். கெந்தித்தான் ஏறணும். நிக்கணும்னா எறங்கித்தான் ஆகணும்."

"பந்தயத்திலும் அப்படியே ஏறலாமே?"

அவர் அடுத்த சுற்றில் சொன்னார்: "அதான் சார் உங்க நோட்டீசுல ரெண்டாவதாப் போட்ருக்கீகளே, தள்ளுதல் கூடாது, தள்ளுவோர் உடனே நீக்கப்படுவர்னு. மூணு வருசமும் விசிலு ஊதி, நாலு கெந்து கெந்துறதுக்குள்ள சம்முகவேலு ஓடியாந்து ஹாண்டில்பாரப் புடிச்சுட்டான். சனமெல்லாம் கைதட்டிச் சிரிக்கும். அதுக்கு மேல உங்க நோட்டீச நான் படிச்சதில்ல சார், தப்பா நெனச்சுக்காதீக."

அவர் போய்விட்டார். நான் கிழித்த தாள்களோடு அங்கேயே நின்றேன். 'தள்ளுதல் கூடாது' என்று நான் எழுதியது, போட்டியாளர் ஒருவரை ஒருவர் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. தன் சைக்கிளைத் தான் தள்ளுவதும் தள்ளுதல்தான் என்பது, மூன்று ஆண்டுகளாக ஆறாவது மைலில் உட்கார்ந்து வராதவர்களுக்காகக் காத்திருந்த எனக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு பேரும் போன இடம் தெரிந்துவிட்டது. தொடக்கக் கோட்டிலிருந்து இருபது கெஜத்துக்குள் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

குழுக் கூட்டம் சண்முகவேலின் கடையில் நடந்தது. பெயர் கொடுக்க வந்தவர்களும் நின்றிருந்தார்கள். நரிக்குடிச் சாலையிலுள்ள ஒரு கிராமத்தின் விவசாயி இருளப்பசாமி, ஐம்பத்தெட்டு வயதினர், கைகட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். நான் எழுந்து, இரண்டாம் விதியில் பொருள் மயக்கம் இருப்பதாகத் தெரிவித்து, அதற்காக வருத்தம் கூறினேன்.

"தள்ளுறதுன்னா தள்ளுறதுதான சார்?" என்றார் சண்முகவேல். "நீங்களே எழுதிட்டு நீங்களே மயக்கம்னா எப்பிடி?"

"தாத்தாமாரு எல்லாம் கெந்திக்கிட்டே ஆறு மைலு போயிட்டா என்ன பண்றது?" என்றான் சுப்புராஜ். இளைஞர்கள் சிரித்தார்கள்.

"ஏலே சுப்புராசு, நீ கெந்திக் காட்டு, ஆறு கெசம்" என்றார் இருளப்பசாமி. "அம்புட்டுத்தான். நான் போட்டியவே விட்டுர்றேன்."

சுப்புராஜ் உடனே ஒரு சைக்கிளை எடுத்துக் கெந்திப் பார்த்தான். நான்காவது கெந்தில் பெடல் கணுக்காலில் அடித்து, சைக்கிளோடு காற்றடிக்கும் பம்பின்மேல் சாய்ந்தான். அதன்பின் சிரித்தவர்கள் வேறு.

சண்முகவேல் சமரசம் பேசினார். "சரி, வேணும்னா ஆளுக்கு ரெண்டு பேரு சைக்கிளப் புடிச்சுக்கிரட்டும். இவுக ஏறி உக்காரட்டும். விசிலு ஊதுனதும் விட்ருவோம்."

"என்னைய என்ன பாடையிலயா ஏத்துறீக, ஆளு வச்சுப் புடிக்க?" என்றார் இருளப்பசாமி.

இறுதியில், 'தன் சைக்கிளைத் தானே உந்தி ஏறுதல், முதல் முப்பது கெஜத்துக்குள் தள்ளுதலாகக் கொள்ளப்படாது' என்ற திருத்தம் ஏற்கப்பட்டது. வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் நான் சொன்னது ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை. மகிழ்ச்சியில், மற்ற விதிகளை நான் படித்துப் பார்க்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

1969ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு மூத்தவர்கள் ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில், ஆறாவது மைல் மேசைக்கு மொக்கையனை அனுப்பிவிட்டு, நான் தொடக்கக் கோட்டில் நின்றேன். விசில் ஊதியது. இளைஞர் பதினான்கு பேர் சட்டென்று மிதித்துக் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏழு வேட்டிகள், ஏழு வலக்கால்கள், ஒரே தாளத்தில் தரையை உதைத்தன. கூட்டம் சிரிக்கத் தொடங்கி, ஏழு கால்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பின்னால் வீசி எழுந்ததும் சிரிப்பை மறந்து வாயைத் திறந்துகொண்டது. இருபத்தைந்து கெஜம். ஒருவரும் முப்பதைத் தாண்டவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

பக்கத்தில் சுந்தராம்பாள் அம்மையார் வந்து நின்றார். "இன்னைக்குக் காலையில இட்டிலி வச்சுக் குடுத்தேன் சார். சாப்புட்டாக. இனி எறங்காமப் போயி எறங்காம வரணும். என் பேச்சுல நான் மாறமாட்டேன்."

"நிச்சயமாக இறங்க மாட்டார், அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். 'நின்று' என்ற ஒரு சொல் என் தொண்டையில் குறுக்கே நின்றது. வருபவர் நின்று, வலக் கட்டைவிரலில் மை இட்டுக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். அண்ணாச்சி நிற்க வேண்டுமானால் இறங்கித்தான் ஆக வேண்டும். அவரே என்னிடம் சொன்னார். ஏழாவது விதி அவருக்குத் தெரியாது. இரண்டாவது விதியைத் தாண்டிப் போக நாங்கள் அவரை விட்டதில்லை.

சண்முகவேல் தம்முடைய ஜாவா மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பாளர் என்ற முறையில் பின்தொடர்ந்து போவது அவர் வழக்கம். "தலைவர் அவர்களே, தயவுசெய்து என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவர் பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டேன்.

மூன்றாவது மைலில் மூத்தவர்களை எட்டினோம். எழுவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். வாடைக்காற்றை முதலில் செல்பவர் வாங்கிக்கொள்ள, அவர் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னால் வந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. மணி மட்டும் ஒருமுறை ஒலித்தது. இந்த முறையை யார் சொல்லிக் கொடுத்தது? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள்? கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. "சற்று வேகமாகச் செல்லலாமா?" என்றுதான் கேட்டேன்.

ஆறாவது மைலில் மொக்கையன் மேசையோடு காத்திருந்தான். சுப்புராஜ் வந்தான்; காலூன்றினான்; மை வாங்கினான்; போனான். அடுத்து இருவர். கோட்டிலிருந்து பிரிந்து முன்னால் வந்திருந்த அண்ணாச்சி நான்காவது ஆளாகத் தெரிந்தார். மொக்கையன் கையைக் குறுக்கே நீட்டி, "நின்னு மை வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி!" என்று கூவினான்.

அண்ணாச்சியின் முகம் மாறியது. பிரேக்கைப் பிடித்தார். வலக்கால் சீட்டைத் தாண்டிப் பின்னால் எழுந்தது. இடக்கால் மட்டும் பெடலில்.

"இறங்காதீர்கள் அண்ணாச்சி!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மொக்கையன் கையிலிருந்த மைப் பெட்டி எப்படி என் கைக்கு வந்தது என்பதும் தெரியவில்லை. "வட்டமடியுங்கள்! பீப்பாயைச் சுற்றி வட்டமடியுங்கள்! விரலை மட்டும் நீட்டுங்கள்!"

தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்ற கால் மறுபடி மேலே போய்ச் சீட்டைத் தாண்டியது. சைக்கிள் ஆடியது, விழவில்லை. அவர் பீப்பாயைச் சுற்றினார். அவரோடு நானும் ஓடினேன். நீட்டிய கட்டைவிரலில் இரண்டாவது சுற்றில் மை பட்டது.

"சார், நின்னுதான வாங்கணும்னு நீங்கதான சொன்னீக!" என்று மொக்கையன் அழாத குறையாகக் கேட்டான்.

அதற்குள் மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி என்று இருக்கக் கூடாதல்லவா? எல்லோரையும் வட்டமடிக்கச் சொன்னேன். ஆறு சைக்கிள்கள் பீப்பாயைச் சுற்ற, அவற்றின் நடுவே நான் மைப் பெட்டியோடு ஓடினேன். "வாத்தியாரே, என் வெரல விட்டுட்டீக!" என்று இருளப்பசாமி சிரித்துக்கொண்டே மூன்றாவது சுற்று வந்தார். அவருக்கு மை வைத்த அடுத்த கணம் ஜல்லியில் சறுக்கி விழுந்தேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கடிகாரம் பீப்பாயில் மோதிற்று. என் மூக்குக் கண்ணாடி எங்கோ தெறித்தது. யாருடைய சக்கரமோ அதன்மேல் ஏறிய ஓசை கேட்டது.

சண்முகவேல் ஜாவாவின்மேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தூக்கிவிட்டார். பிறகு ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குத் திரும்பினார்.

கடைவீதியில் சுப்புராஜ் முதலாவதாகக் கயிற்றைத் தாண்டினான். இரண்டாவதாக மற்றோர் இளைஞன். மூன்றாவதாக, வேட்டி காற்றில் படபடக்க, அருஞ்சுனை அண்ணாச்சி. திரும்பும் வழியில் ஒருவனை மணியடித்து, "தம்பி, கொஞ்சம் எடது வாங்கு" என்று சொல்லித் தாண்டியதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

சண்முகவேல் விசில் ஊதிக் கூட்டத்தை அடக்கினார். ஏழாவது விதிப்படி நின்று மை வாங்காததால் மூத்தவர்கள் ஏழு பேரும் நீக்கப்படுவதாக அறிவித்தார். விதிப்படி அது சரியே. நான் எழுதியதைத்தான் அவர் படித்தார்.

இருளப்பசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முந்தி இருவது கெசத்துல அவுட்டாக்குனான். இந்த வருசம் பன்னண்டு மைலு விட்டு அவுட்டாக்கிருக்கான். பய முன்னேறிட்டான்."

அருஞ்சுனை அண்ணாச்சி தீர்ப்பைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் இன்னும் இறங்காமல் கடை வாசலில் சிறு வட்டங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சுந்தராம்பாள் அம்மையார் நடுவில் நின்றார்.

"எறங்குனீகளா?"

"இல்ல."

"சார், இவுக எறங்குனாகளா?"

கண்ணாடி இல்லாத எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. "இடது கால் பெடலில் இருந்தது, அம்மா. வலது கால் சிறிது நேரம் ஆகாயத்தில் இருந்தது. பிறகு திரும்பிவிட்டது."

"ஆகாசத்துல இருந்தா எறங்குனதா ஆகாதா?"

அண்ணாச்சி வட்டத்தை இன்னும் சிறிதாக்கினார். அதற்குமேல் சிறிதாக்கினால் சைக்கிள் விழுந்துவிடும்.

"தரைக்கு ஒரு சாண் இருந்தது, அம்மா. நான் அளவில் தவறுவதில்லை."

"ஒரு சாணா?" என்று கேட்டு, அம்மையார் தம் கையைத் தாமே விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப எறங்கல. எறங்கி வாங்க, சோறு ஆறுது."

அண்ணாச்சி இறங்கினார். சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு முறை கெந்தி, அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டார். அம்மையார் சாப்பாட்டுத் தூக்கைக் கேரியரில் கட்டிவிட்டதைப் பார்த்தேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில், இனி ஆறாவது மைலில் மை வேண்டாம், பீப்பாயைச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்துக் குறித்தாலே போதும் என்று சண்முகவேலே முன்மொழிந்தார். அதே கூட்டத்தில், விதியை எழுதியவரே மீறியதால், செயலாளரை மாற்றுவதென்றும் முடிவாயிற்று. இரண்டு தீர்மானங்களையும் அறிக்கையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பந்தயத்தால் இழந்தவற்றைக் குறிப்பிட்டு முடித்துக்கொள்கிறேன். பள்ளி ஆய்வகத்தின் நிறுத்துக் கடிகாரம் ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று. வலது காற்செருப்பு ஒன்று. ஆறாவது மைலில் இருமுறை தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் பரிசாக வைத்திருந்த பித்தளைக் குடம், அருஞ்சுனை அண்ணாச்சிக்குக் கிடைத்திருக்க வேண்டியது. முடிவுப் பட்டியலில் ஏழு பெயர்கள். செயலாளர் பொறுப்பு. ஏழு பேரும் திரும்பி வந்த ஆறு மைலுக்கு எடுத்துக்கொண்ட நேரம். அதை வேறு யாரும் அளக்கவில்லை.